ஜன்னலுக்கு ஒரு சாக்லேட்!

சாயந்திரம் நாலரை மணிக்கு உங்க காலேஜ் கிரவுண்டை ஒரு ரவுண்டு பாருங்க. நடுவில் கிரிக்கெட். ஒரு ஓரத்தில் ஃபுட்பால். இன்னொரு ஓரத்தில் வாலிபால் நெட். மரத்தடி பெஞ்சில் அரட்டை கோஷ்டி. எல்லாம் சரி... பொண்ணுங்க எங்கே விளையாடுறாங்க? 'அதோ, அந்த மூலையில த்ரோபால் கோர்ட் இருக்குல்ல' என்று சிலர் சொல்வீங்க. 'ஆறு மணிக்கு ஹாஸ்டல் கேட்டை மூடிடுவாங்களே' என்று சிலர்.

கிரவுண்டு யாருக்கு? இந்த ஒரு கேள்வியை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கங்க. இந்த வாரம் நாம போகப்போறது இங்கிலாந்தின் வடமேற்கில் இருக்கிற பிரஸ்டன் என்ற ஊருக்கு. வருஷம் 1917.

மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் என்று பனியன் போட்டுக்கொண்டு திரியும் நம்ம மக்களில் பலருக்கு பிரஸ்டன் பேர் தெரிந்திருக்காது. ஆனால், இங்கிலாந்து ஃபுட்பால் லீகின் முதல் சீஸன், அதாவது 1888-89, அதை ஒரு மேட்ச்கூட தோற்காமல் ஜெயித்தது 'பிரஸ்டன் நார்த் எண்ட்' டீம்தான். அந்த டீமின் சொந்த மைதானம் டீப்டேல். ஊரே பந்துப் பைத்தியம்.

அந்த ஊரில் ஸ்டிராண்ட் ரோடு என்று ஒரு தெரு. அங்கே 'டிக், கெர் அண்ட் கோ' என்ற தொழிற்சாலை. டிக் ஒருத்தர், கெர் ஒருத்தர், ரெண்டு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் கம்பெனியின் வேலை டிராம் வண்டி செய்வது. 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் டிராமை ஓரங்கட்டிவிட்டு குண்டு தயாரிக்க ஆரம்பித்தார்கள். வாலிபப் பசங்க எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, மெஷின் முன்னால் வந்து நின்றது பெண்கள். இங்கே மட்டும் இல்லை, நாடு பூராவும் லட்சக்கணக்கான பெண்கள் இப்படித்தான் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள். டி.என்.டி. வெடிமருந்தைக் குண்டுக்குள் அடைக்கிற வேலை பார்த்தவர்களுக்குத் தோலே மஞ்சளாகிவிடுமாம். 'கேனரிப் பறவைகள்' என்று ஊரார் கிண்டல் பேர் வைத்தார்கள். சாவோடு விளையாடுகிற வேலை. அதைச் செய்ய அவர்களுடைய உடம்பு தாங்குமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இதையும் ஞாபகத்தில் வெச்சுக்கங்க, பின்னால் தேவைப்படும்.

டிக், கெர் தொழிற்சாலை முற்றத்தில் டீ பிரேக், சாப்பாட்டு பிரேக் என்றால் பந்து வந்துவிடும். அப்ரன்டிஸ் பசங்களோடு பெண்களும் சேர்ந்து உதைப்பார்கள். துணி மாற்றும் அறையில் சின்னச் சின்ன சதுர ஜன்னல்கள் இருந்தன. அதுதான் கோல்போஸ்ட். பந்தயமும் உண்டு. பசங்க ஜெயித்தால் பொண்ணுங்க ஒரு பாக்கெட் உட்பைன் சிகரெட் வாங்கித் தரணும். பொண்ணுங்க ஜெயித்தால் பசங்க ஒரு 'ஃபைவ் பாய்ஸ்' சாக்லேட். அந்த முற்றத்தில் விளையாடிய ஆலிஸ் நோரிஸ் வயதான பிறகு சொன்ன விஷயம் இது. உடைந்த கண்ணாடிக்கு யார் காசு கொடுத்தார்களோ!

1917 அக்டோபரில் தொழிற்சாலையின் ஆண்கள் டீம் வரிசையாக உதை வாங்கிக்கொண்டிருந்தது. கிரேஸ் சிபர்ட் என்ற பெண் தலைமையில் ஒரு கோஷ்டி, 'உங்களைவிட நாங்களே நல்லா ஆடுவோம்' என்று உசுப்பேற்ற, 'அப்படின்னா வாங்க மோதிப் பார்க்கலாம்' என்று அவர்கள் சொல்ல, பக்கத்தில் பென்வர்த்தமில் ஒரு வயலில் மேட்ச் நடந்தது. விளையாட்டாக ஆரம்பித்தது அப்படியே பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து, மூர் பார்க்கில் இருந்த ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து, காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஒரு பாட்டுக் கச்சேரி நடத்தித் தர முடியுமா என்று கிரேஸிடம் கேட்டார்கள். கிரேஸின் கணவரே அப்போது போர்க்கைதி. கிரேஸ் யோசித்தார். கச்சேரி எதுக்கு... மேட்ச் வைக்கலாமே!

இங்கேதான் ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் உள்ளே வருகிறார். அந்தத் தொழிற்சாலையில் ஆபீஸ் உத்தியோகம். ஜன்னல் வழியாக இவர்கள் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோனவர். நம்ம ஊர் சினிமா பி.ஆர்.ஓ. மாதிரி ஆள். நேரே போய் டீப்டேல் மைதானத்தையே வாடகைக்குப் பேசி முடித்துவிட்டார். போரால் லீக் போட்டிகள் 1915-லேயே நின்றுபோயிருந்தன. மைதானம் சும்மாதான் கிடந்தது.

1917 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விருந்து முடித்த கையோடு 10,000 பேர் டீப்டேலுக்கு வந்தார்கள். எதிர் டீம், அதே ஊரின் அருண்டெல் கூல்தார்ட் வார்ப்படத் தொழிற்சாலைப் பெண்கள். ஆரம்பத்தில் கூட்டம் சிரித்தது. அப்புறம் சிரிப்பு அடங்கியது. அப்புறம் கைதட்டல். டிக், கெர் பெண்கள் 4-0 என்று ஜெயித்தார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது. இங்கிலாந்தின் முதல் பெண்கள் டீம் இது இல்லை. 1895-லேயே லண்டனில் ஒரு டீம் ஆடியிருக்கிறது. ஆனால், மேட்ச் முடிந்ததும் மறந்துபோகிற வேடிக்கையாக இல்லாமல், வாராவாரம் ஜனம் காசு கொடுத்துப் பார்க்கிற டீமாக நிலைத்து நின்றது டிக், கெர்தான்.

போர் முடிந்தது. ஆண்கள் திரும்பி வந்தார்கள். 'ரொம்ப தேங்க்ஸ்மா, இனி வீட்டுக்குப் போகலாம்' என்று நாடு முழுக்கப் பெண்களை அனுப்பிவைத்தார்கள். டிக், கெர் கம்பெனியும் 'இங்கிலீஷ் எலெக்ட்ரிக்' என்ற பெரிய நிறுவனத்தில் கலந்துவிட்டது. இந்தப் பேர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? தாம்பரம் பக்கத்து ஆட்களா இருந்தா உங்க தாத்தாவைக் கேளுங்க. பல்லாவரத்தில் ஜி.எஸ்.டி. ரோடு மேலேயே ஃபேக்டரி வைத்திருந்தார்களே, அதே இங்கிலீஷ் எலெக்ட்ரிக்தான்.

டீம் மட்டும் கலையவில்லை. இன்னும் ஆள் சேர்த்தார் ஃபிராங்க்லண்ட். 1920-ல் செயின்ட் ஹெலன்ஸ் என்ற ஊரிலிருந்து ஒரு பொண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேர் லில்லி பார். அப்போது பதினைந்து வயசுகூட முழுசாக ஆகியிருக்கவில்லை. அண்ணன் தம்பிகளோடு தெருவில் உதைத்தே வளர்ந்த பெண். ஆறடியைத் தொடும் உயரம். இடது கால் உதை, பீரங்கி. அவர் அடித்த பந்தைத் தடுக்கப்போன ஆண் கோல்கீப்பர் ஒருத்தருக்குக் கை முறிந்தது என்று ஒரு கதை இன்றுவரை சுற்றுகிறது. இறங்கிய முதல் சீஸனிலேயே 43 கோல். எல்லோருக்கும் ஃபேக்டரியில் முழுநேர வேலை, மேட்ச் ஒன்றுக்குச் செலவுக்காசு பத்து ஷில்லிங். லில்லி மட்டும் அதோடு உட்பைன் சிகரெட்டும் கேட்டு வாங்குவார் என்று கிண்டலடிப்பார்கள்.

அதே 1920-ல் பாரீஸிலிருந்து ஒரு பெண்கள் டீம் வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் ஆலிஸ் மிலியா. 'ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு இடம் கொடுக்க மாட்டீங்களா? நாங்களே தனியா நடத்திக்கிறோம்' என்று பின்னாளில் பெண்களுக்கான உலக விளையாட்டுப் போட்டியையே நடத்திக் காட்டியவர். டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 25,000 பேர். இலையுதிர் காலத்தில் இவர்களும் பதிலுக்குப் பிரான்ஸ் போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற பெண்கள் கப்பலேறி வெளிநாட்டு டூர்!

டிசம்பரில் ஃபிராங்க்லண்டுக்கு இன்னொரு ஐடியா. ராத்திரியில் மேட்ச் வைத்தால் என்ன? போர் மந்திரிக்கு விண்ணப்பம் போனது. அந்த மந்திரி யார் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில். அனுமதி வந்தது. எதிரி விமானங்களைத் தேட வைத்திருந்த ரெண்டு ராட்சத சர்ச்லைட்களை டீப்டேலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பழுப்பு நிறத் தோல் பந்து இருட்டில் தெரியணுமே... வெள்ளையடித்து வெள்ளையடித்து உள்ளே போட்டார்கள். டிசம்பர் 16 ராத்திரி 12,000 பேர் நடுங்கிக்கொண்டே பார்த்தார்கள். வசூல், வேலை கிடைக்காமல் தவித்த மாஜி ராணுவ வீரர்களுக்கு.

பத்தே நாளில் அதையும் தூக்கிச் சாப்பிடுகிற மேட்ச். 1920 டிசம்பர் 26. லிவர்பூல் நகரம், எவர்டன் டீமின் குடிசன் பார்க் மைதானம். செயின்ட் ஹெலன்ஸ் பெண்களுக்கு எதிராக. உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே ஆயிரக்கணக்கில். வீராங்கனைகள் டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகவே போலீஸ் வழி விலக்கிவிட வேண்டியிருந்தது.

இதில் ஒரு சினிமா திருப்பம். டீமின் நட்சத்திர கோல் மெஷின் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட், ரயிலைத் தவறவிட்டுவிட்டார்! (எக்ஸாம் அன்னிக்கு பஸ்ஸை விட்ட அனுபவம் இருக்கிறவங்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.) முதல் பாதியில் ஜென்னி ஹாரிஸ் போட்ட ஒரு கோல்தான். இடைவேளையில் கேப்டன் ஆலிஸ் கெல் ஒரு முடிவு எடுத்தார். அவர் தடுப்பாட்டக்காரர். ரெண்டாவது பாதியில் தானே முன்னால் போய் நின்றார். அடித்தது மூன்று கோல். 4-0.

அன்று வசூல் 3,115 பவுண்டு. எல்லாம் தர்ம காரியத்துக்கு. பெண்கள் கிளப் ஆட்டம் ஒன்றுக்கு அதைவிடப் பெரிய கூட்டம் கூட 98 வருஷம் ஆனது. 2019 மார்ச்சில் மாட்ரிட்டில் அத்லெடிகோவும் பார்சிலோனாவும் மோதியபோது 60,739 பேர் வந்தார்கள். அதுவரை அந்த ஃபேக்டரிப் பெண்கள்தான் டாப்.

1921-ல் மட்டும் அவர்கள் ஆடியது 67 மேட்ச். வேலைக்கும் போய்க்கொண்டு! பார்த்தவர்கள் மொத்தம் 9 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். நாடு முழுக்க 150 பெண்கள் டீம்கள் முளைத்துவிட்டன. அந்த வருஷம் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் சம்பளத்தை வெட்டி, ஒப்புக்கொள்ளாத தொழிலாளர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். சுரங்க ஊர்களில் அடுப்பெரியாத குடும்பங்களுக்காகவும் பெண்கள் டீம்கள் மேட்ச் ஆடிக் காசு திரட்டின. சிப்பாய்க்கு உதவியபோது தட்டிக்கொடுத்த பெரிய மனிதர்களுக்கு, தொழிலாளிக்கு உதவியபோது முகம் சுருங்கியது. போதாக்குறைக்கு, போர் முடிந்து ஆண்கள் லீக் மறுபடி ஆரம்பித்திருந்தது. டிக்கெட் வாங்கும் ஜனம் இந்தப் பக்கம் நகர்ந்தால் யாருக்கு எரியும்? நீங்களே சொல்லுங்க.

1921 டிசம்பர் 5. இங்கிலாந்தின் ஃபுட்பால் அசோசியேஷன், சுருக்கமா எஃப்.ஏ., கூடித் தீர்மானம் போட்டது. ஃபுட்பால் பெண்களுக்குப் பொருத்தமில்லாத ஆட்டம், அதை ஊக்குவிக்கக்கூடாது, வசூலில் பெரும்பகுதி செலவுக்கணக்கிலேயே போய்விடுகிறது... ஆகவே, நம் கிளப்புகள் எதுவும் பெண்கள் மேட்சுக்கு மைதானம் தரக்கூடாது.

கவனிச்சீங்களா? 'ஆடாதே' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. கிரவுண்டைப் பூட்டினார்கள். அவ்வளவுதான். குடிசன் பார்க், டீப்டேல், எல்லாம் ஒரே கையெழுத்தில் காலி.

செலவுக்கணக்கு குற்றச்சாட்டுக்கு ஆலிஸ் கெல் நேராகவே பதில் சொன்னார். மேட்சுக்காக வேலை நேரத்தை விட்டுவிட்டு வருகிறோம், அந்தக் கூலி நஷ்டத்துக்கு ஈடு வாங்குவது எங்க உரிமை என்றார். உழுத வயலில் ஆட வேண்டியிருந்தாலும் ஆடுவோம் என்றார் ஃபிராங்க்லண்ட்.

ஆனால், 'பெண் உடம்பு தாங்காது' என்ற வாதத்துக்கு டாக்டர்கள் சிலர் முட்டுக்கொடுத்தார்கள். அதில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில் பிரபலமான லேடி டாக்டர் அவர். பெண்ணின் உடலமைப்புக்கு ஃபுட்பால் ரொம்ப அதிகம், கொஞ்சமும் பொருந்தாத ஆட்டம் என்று கருத்துச் சொன்னார். பேர் மேரி ஷார்லீப்.

சென்னைக்காரங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் தர மறுத்துக்கொண்டிருந்த 1875-ல், நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்து படித்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் இந்த மேரி. வக்கீல் கணவரோடு மெட்ராஸ் வந்தவர். இங்கே ஆண் டாக்டரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துப் பதறி, மருத்துவம் படிக்கக் கிளம்பியவர். 1885-ல் அவர் ஆரம்பித்ததுதான் பெண்களுக்கான கோஷா ஆஸ்பத்திரி. திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்றால் உங்களுக்குப் புரியும். சேப்பாக்கம் கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போனால் பக்கத்திலேயே இருக்கும். அங்கே பிறந்தவங்க இதைப் படிக்கிற உங்களிலேயே எத்தனை பேரோ!

டாக்டர் தொழில் பெண்ணுக்குப் பொருந்தாது என்ற பேச்சை வாழ்க்கை பூரா கேட்டு, அதை உடைத்து மேலே வந்தவர். எழுபத்தைந்து வயசைத் தாண்டியபோது அதே பேச்சை அடுத்த தலைமுறைப் பெண்களிடம் பேசினார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோஷா ஆஸ்பத்திரியை நினைத்தால் எப்படி வரும்? ஆனால், ஒரு கதவை உடைத்தவர்களுக்கும் அடுத்த கதவு கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

பூட்டிய பிறகு என்ன ஆச்சு? 1922 செப்டம்பரில் கனடா டூர் என்று கப்பலேறினார்கள். இறங்கினால், கனடா சங்கமும் கதவைச் சாத்தியிருந்தது. அப்படியே அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். அங்கே எதிரே நின்றது பெண்கள் இல்லை, ஆண்கள் டீம்கள்! ஒன்பது மேட்சில் மூன்று வெற்றி, மூன்று டிரா, மூன்று தோல்வி. உடம்பு தாங்காதுன்னு சொன்னீங்களே டாக்டரம்மா...

ஊர் திரும்பியதும் பார்க்கிலும் வயல்வெளியிலும் ஆட்டம் தொடர்ந்தது. 1926-ல் கம்பெனிக்கும் ஃபிராங்க்லண்டுக்கும் முட்டிக்கொண்டு அவர் வெளியேற, டீம் பேர் 'பிரஸ்டன் லேடீஸ்' ஆனது. ஜனம் என்னவோ டிக், கெர் என்றேதான் கூப்பிட்டது. லில்லி பார் மனநல ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை, அதாவது 46 வயசு வரை ஆடினார். 1965-ல் ஆள் கிடைக்காமல் டீம் கலைந்தபோது ஸ்கோர்: 833 மேட்ச், 759 வெற்றி, 46 டிரா, 28 தோல்வி.

நிறையப் பேர் இந்தக் கதையைச் 'சாதனை' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த 53,000 தான் உறுத்துகிறது. அந்தக் கூட்டம் அப்படியே வளர்ந்திருந்தால்? பள்ளிகளில், ஊர்களில், மற்ற நாடுகளில் எத்தனை லில்லிகள் வந்திருப்பார்கள்? 1921-ல் பந்தோடு நின்ற ஒரு பத்து வயசுச் சிறுமிக்கு, தடை விலகியபோது அறுபது வயசு. ஆமாம், 1971-ல்தான் விலக்கினார்கள். ஐம்பது வருஷம்! மன்னிப்புக் கேட்க இன்னும் நேரம் எடுத்துக்கொண்டார்கள். அது 2008-ல்.

லில்லி 1978-ல் இறந்துபோனார். 2002-ல் இங்கிலாந்தின் தேசிய ஃபுட்பால் மியூசியம், ஆட்டத்தின் மகத்தான ஆட்களுக்கென்று 'ஹால் ஆஃப் ஃபேம்' ஆரம்பித்தபோது, முதல் பட்டியலில் இருந்த ஒரே பெண் அவர்தான். இப்போது மான்செஸ்டரில் இருக்கிற அந்த மியூசியம் அப்போது எங்கே இருந்தது தெரியுமா? பிரஸ்டனில். ஐம்பது வருஷம் அவர்களுக்குப் பூட்டியே கிடந்த அதே டீப்டேல் மைதானத்தில்.